மறைத்தலும் அருளே



ஐந்தொழிலுள் மறைத்தலைக் கேட்டவுடன் சிலர் முகஞ் சுளிப்பர். கருணையே வடிவாகிய இறைவன் உயிர்க்கு எதனையும் ஏன் மறைத்தல் வேண்டும் என்பது அவர் வினா. நூல்வழி விடை கூறுவார் பலர் உளர். நாம் இன்று கருவின்வழி சிறிது நோக்குவாம். உவமையாகக் கொள்க, நிறுவலாகக் கொள்ளற்க.

போற்றித் திருவகவல் கருவின் இடர்களைத் திங்கள் திங்களாக எண்ணிச் செல்வதை நம்மவர் அறிவர். அதுகொண்டு, மணிவாசகர் பரம்பரையலகையும் அறிந்திருந்தார் எனச் சாதிப்பார்க்கு நாம் உடன்படோம். அஃது அடிகளுக்குப் பெருமையன்று.

பரம்பரையலகு என்பதனைத் தமிழ்நாட்டார் மரபணு என்ப. கருத்தரித்த முதற்பொழுதிற் சேயின் அலகுகள் யாவும் உள. ஆயின் பெரும்பாலும் மௌனமாயுள. மனிதக் கருவில் அவை நான்கு முதல் எட்டுக் கலமாகும் பருவத்திற்றான் பெரிதும் விழிக்கின்றன. எலியில் இரண்டு கலப் பருவத்தில். அதுகாறுந் தொழில் நடத்துவன, தாய் முட்டையுள் முன்னரே வைத்த புரதங்களும் ஆர்.என்.ஏ. என்னுந் தூதுகளுமே.

பழ ஈயிலே இது தெளிவு. பைகாயிட் என்னுந் தூதினைத் தாய் ஈ முட்டையின் ஒரு முனையில் வைத்துவிடுகின்றது. அதினின்று வரும் புரதம் அம்முனையில் மிக்கும், அப்பாற் செல்லச்செல்லக் குறைந்தும் பரவுவதை 1988இல் வொல்ஃப்காங் டிரீவரும் கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்டும் காட்டினர். அதன் அளவுக்கேற்பத் தலைக்கும் மார்புக்கும் உரிய அலகுகள் பின்னர் விழிக்கின்றன. தாயிடத்து அவ்வலகு முற்றும் பழுதாயின், தந்தைவழி நல்லது கிடைத்தும் சேய் தலையும் மார்புமின்றி மடியும். தாயிடத்து ஒன்றேனும் நன்றாயின், சேய் தான் அதனை இழந்திருந்தும் தலை பெறும்! யான், எனது என்னுஞ் செருக்குக்கு இங்கே இடம் யாது? (மனிதர்க்குப் பைகாயிட் இல்லை. இதனைக் காட்டி, ஊனமுற்ற மகவின் தாயைப் பழிப்பார் இருப்பின் அவர் ஈயையும் அறியார், தாயையும் அறியார்.)

இம்மௌனம் கொடுமையோ? ஈக்கருவின் முதற் பிரிவுகள் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் முடிகின்றன. நீண்ட அலகொன்றைப் படியெடுத்து முடிக்க அவ்விடைவெளி போதாது. விரைந்து பெருகவேண்டிய வேளையில் பேசாதிருத்தலே சேய்க்கு நலம். பதின்மூன்று பிரிவு கழிந்து வேகந் தணிந்தபின் அதன் அலகுகள் பெருவாரியாக விழிக்கின்றன. தாயின் தூதுகளுட் பல அழிக்கப்படுகின்றன. அவ்வலகுகளைத் திறந்து எழுப்புவதில் முதன்மையானது சேல்டா என்னும் புரதம். அதுவும் தாய் வைத்த தூதினின்று பிறந்ததே.