கடல்மேல் விடியும் நாள்: உல்லாசக் கப்பல் பயணமும் நோன்பின் காலக் கணக்கும்

நோன்பு, தொழுகை, ஓய்வுநாள், சந்தியாவந்தனம் ஆகிய சமயக் கடமைகள் யாவும் குறித்த ஒரு பொழுதில் செய்யப்பட வேண்டியவை; அந்தப் பொழுதோ ஓரிடத்தில் நின்று வானத்தைப் பார்க்கும் மனிதருக்கே உரியது. ஊரில் வாழ்பவர் இதை உணர நேர்வதில்லை, ஏனெனில் கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் அவருக்காக அந்தக் கணக்கை முன்பே போட்டு வைத்திருக்கின்றன. பத்துப் பதினைந்து நாள் நீளும் உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் புறப்படுபவர் இம்மூன்றையும் கரையிலேயே விட்டுச் செல்கிறார். விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழிக்கவும் வேண்டும், நோன்பு வழுவவும் கூடாது என்று எண்ணுபவருக்கு, பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே, மெய்யியலார் எழுப்பும் ஒரு கேள்வி நடைமுறைக் கேள்வியாகவே வந்து நிற்கிறது: நாள் என்பது எங்கே இருக்கிறது? கதிரவனிலா, உடன் வாழும் சமூகத்திலா, எண்ணிக்கொண்டே வரும் மனிதரின் நினைவிலா?

ஐரோப்பியக் கிறித்தவர்கள் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது 1522ஆம் ஆண்டில். மகெல்லனின் தலைமையில் 1519 செப்டம்பர் 20 அன்று ஸ்பெயினின் சான்லூக்கர் துறையை விட்டு மேற்கு நோக்கிச் சென்ற ஐந்து கப்பல்களில், விக்டோரியா என்னும் ஒன்று மட்டுமே உலகைச் சுற்றி, எல்கானோவின் தலைமையில் 1522 செப்டம்பர் 6 அன்று அதே துறைக்குத் திரும்பியது. திரும்பும் வழியில், ஜூலை மாதம், உணவு வாங்கக் கேப் வெர்தே தீவுகளில் ஆளனுப்பியபோது, கப்பலில் புதன்கிழமையாக இருந்த நாள் கரையில் வியாழக்கிழமை என்று தெரிய வந்தது. பயணத்தை நாள்தோறும் குறித்து வந்த பிகஃபேத்தா ஒரு நாளும் குறிப்பெழுதத் தவறாதவர். ஆகவே தம் கணக்கில் பிழை இருக்க முடியாது என்பதில் உறுதியாக இருந்தார். அவர் எண்ணியது சரியே. கதிரவன் செல்லும் திசையிலேயே கப்பலும் சென்றதால், ஏறத்தாழ 1,080 நாள்களில் ஒவ்வொன்றும் சராசரியாக 80 நொடி நீண்டிருந்தது. அந்தச் சிறு நீட்சிகள் சேர்ந்து ஒரு முழு நாளை விழுங்கிவிட்டன. ஸ்பெயின் அரசவையிலிருந்த வெனிசின் தூதர் கஸ்பாரோ கொந்தாரினி இக்காரணத்தை விளக்கியவராக அறியப்படுகிறார். எனினும் மாலுமிகளை வருத்தக்கூடிய செய்தி வேறொன்று: அவர்கள் வெள்ளிக்கிழமை என்று நம்பிப் புலால் தவிர்த்த நாள் கரையின் கணக்கில் சனிக்கிழமையாக இருந்தது, வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் புலால் உண்டிருந்தனர், உயிர்ப்புப் பெருவிழாவைத் திங்கட்கிழமையில் கொண்டாடியிருந்தனர்.

அவர்கள் எந்த நாளில் தவறினார்கள் என்று கேட்டால் ஒரு நாளையும் சுட்ட முடியாது என்பதே இந்நிகழ்ச்சியின் ஆழம். ஒவ்வொரு விடியலும் உண்மையான விடியல். ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தைய எண்ணுக்கு அடுத்தது. ஆயினும் முடிவு தம் மக்களின் கணக்கோடு பொருந்தவில்லை. ஏழு நாள் வாரம் என்பது வானத்தில் எழுதப்பட்டதன்று, மனிதர் கூடி விடாமல் எண்ணி வருவது என்பதையும், எண்ணுவோர் கூட்டத்தை விட்டு விலகியவர் வழுவாமல் எண்ணினாலும் வேறொரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட முடியும் என்பதையும் அந்தக் கப்பல் காட்டியது.

இந்தச் சிக்கலை உலகம் பின்னர் தீர்த்துக்கொண்ட முறை நடைமுறைக்கு உதவுவதே தவிர மெய்யியல் விடை ஆகாது. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளின் பேராளர்கள் கிரீனிச்சைத் தொடக்க நெடுங்கோடாக ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றினர். அதற்கு நேர் எதிரே, பசிபிக் கடலில் 180 பாகை நெடுங்கோட்டை ஒட்டி வளைந்து நெளிந்து செல்லும் தேதிக் கோடு வழக்கத்தினாலும் அந்தந்த நாட்டு அரசுகளின் விருப்பத்தினாலும் அமைந்ததே. சமோவா அரசு 2011 டிசம்பர் 29 வியாழனுக்கு அடுத்த நாளைச் சனிக்கிழமை என்று அறிவித்து, வெள்ளிக்கிழமை ஒன்றையே நாட்காட்டியிலிருந்து நீக்கியது. ஏழாம் நாளை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் சபையினர் அங்கே கடுமையான முடிவை எடுக்க நேர்ந்தது: ஏழின் சுழற்சி அறுபடக் கூடாது என்று கருதிய சபைத் தலைமை, புதிய நாட்காட்டியில் ஞாயிறு எனப்படும் நாளை ஓய்வுநாளாக ஏற்றது, சனி என்ற பெயரை விட மனமில்லாத சிலர் பிரிந்து நின்றனர். இரு சாராரும் ஒரே மறைமொழிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

யூத அறிஞரிடையே இக்கேள்வி உயிர்த்துடிப்போடு எழுந்தது 1941இல். போரிலிருந்து தப்பி ஜப்பானின் கோபே நகரை அடைந்திருந்த யூத ஏதிலிகளுக்கு, உணவும் நீரும் இன்றி இருக்க வேண்டிய பாவக்கழுவாய் நாளான யோம் கிப்பூர் அவ்வூரில் புதன்கிழமையா வியாழக்கிழமையா என்பது விளங்கவில்லை. தேதிக் கோடு எருசலேமிலிருந்தே கணிக்கப்பட வேண்டும் என்பதில் பலரும் ஒன்றுபட்டனர். ஆனால் எவ்வளவு தொலைவில் என்பதில் பிரிந்தனர். ஹசோன் இஷ் என்ற பெயரால் அறியப்பட்ட ரபி அவ்ரஹாம் யெஷயா கரேலிட்ஸ் அதை எருசலேமுக்குக் கிழக்கே 90 பாகையில், அதாவது ஜப்பானுக்கு மேற்கே, வைத்து வியாழனில் நோன்பிருக்கச் சொன்னார்; ரபி துகாசின்ஸ்கி 180 பாகையில், அதாவது பசிபிக்கின் கீழைப் பகுதியில், வைத்தார்; அவர் கணக்கின்படி ஜப்பானில் புதன் புதனே. பசிபிக் கடலைக் கடக்கும் உல்லாசக் கப்பலில் பயணம் செய்யும் பற்றுறுதியுள்ள யூதர் இந்த இரண்டு கோடுகளையும் கப்பல் நாட்காட்டியின் கோட்டையும் சேர்த்து மூன்றைக் கடக்கிறார். எந்த ஆசிரியரின் வழியைப் பின்பற்றுவது என்று தம் ரபியிடம் புறப்படும் முன்பே கேட்டுத் தெளிவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. கடல் நடுவில் கேட்பதற்கு ஆளிருக்காது.

இந்து மரபின் நோன்புகளை இவ்விடத்தில் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது தெளிவைத் தரும். புரட்டாசிச் சனி, ஆடி வெள்ளி, சோமவாரம் போன்றவை கிழமையைப் பற்றி நிற்பவை. ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் போன்றவை திதியைப் பற்றி நிற்பவை. திதி என்பது நிலவுக்கும் கதிரவனுக்கும் இடையிலுள்ள கோணம் 12 பாகை விரியும் காலம்; அது தொடங்கும் கணம் உலகெங்கும் ஒன்றே. சிட்னியிலிருந்து ஹவாய்த் தீவுகளை நோக்கிக் கிழக்கே செல்லும் கப்பலில் தேதிக் கோட்டைக் கடக்கும்போது ஒரே கிழமை இரு முறை வரும். எதிர்த்திசையில் ஒரு கிழமை வராமலே போகும். ஆனால் நிலவு கோட்டை அறியாது. கிழமை இரட்டிக்கிறது என்பதற்காக ஏகாதசி இரட்டிப்பதில்லை. திதி நோன்பை மேற்கொள்பவர் சென்னைக்குக் கணிக்கப்பட்ட பஞ்சாங்கத்தின் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், திதி தொடங்கும் கணத்தைக் குறித்துக்கொண்டு, கப்பல் இருக்கும் இடத்தின் சூரிய உதயத்தோடு, பிரதோஷமாயின் மறைவோடு, ஒப்பிட வேண்டும். ஏகாதசிக்கு மறுநாள் துவாதசியில் நோன்பை முடிக்கும் பாரணைக்கும் இதுவே முறை. கிழமை நோன்பை மேற்கொள்பவரோ, இரு வெள்ளிகள் வந்தால் ஒன்றைத் தேர்வது, ஒன்றும் வராவிட்டால் இறங்கப்போகும் கரையின் கணக்கைக் கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். மனிதக் கூட்டம் எண்ணி நிலைநிறுத்திய நாளுக்கு மனிதக் கூட்டத்தின் கணக்கும், வானம் நிறுவிய நாளுக்கு வானமும் சான்றாவதே பொருத்தம் என்று இக்கட்டுரை கருதுகிறது.

இடமும் இப்படியே. வழிபாட்டைத் தொடங்கும்போது சொல்லப்படும் சங்கல்பம், அதாவது உறுதிமொழி, காலத்தை மட்டுமின்றி நாவலந்தீவு, பரத கண்டம், மேருவின் தென்புறம் என இடத்தையும் பெயர் சொல்லி அறிவிக்கிறது. பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிழப்புக்குக் காரணமான செயல்களுள் வைத்ததற்கும், 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறுமுன் கணிதமேதை இராமானுஜன் வீட்டிலேயே எதிர்ப்பைச் சந்தித்ததற்கும் பின்னால் இந்த இடப்பற்றும் இருந்தது என்று கொள்ள இடமுண்டு. அத்தடை இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆனால் தடை எழுப்பிய கேள்வி வலுவிழக்கவில்லை. நகர்ந்துகொண்டே இருக்கும் தளத்தில் நிற்பவர் தாம் இருக்குமிடம் எது என்று எப்படிச் சொல்வது? கடலின் பெயரைச் சொல்வதில் தவறொன்றும் இல்லை. இருக்கும் இடத்தை மெய்யாகச் சொல்வதே அவ்வுறுதிமொழியின் நோக்கம்.

கடலில் பகலின் நீளம் கப்பலின் திசையைப் பொறுத்து மாறும் என்பது நோன்பிருப்போர் அறிய வேண்டிய அடுத்த செய்தி. மணிக்கு 20 கடல் மைல் செல்லும் கப்பல் நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு நாளில் 8 பாகை நெடுங்கோட்டைக் கடக்கும். பாகைக்கு நான்கு நிமிடமாக 32 நிமிடம் கதிரவன் மாறுபடும். அதில் பகலுக்குரிய பங்கு ஏறத்தாழ கால் மணி. மேற்கே செல்வோர்க்கு அந்தக் கால் மணி நோன்பில் கூடும், கிழக்கே செல்வோர்க்குக் குறையும். 60 பாகை அகலாங்கில் இது இரு மடங்காகும். கப்பலின் கடிகாரமோ பெரும்பாலும் இரவில் ஒரு மணி நேரமாகத் திருத்தி வைக்கப்படுவது. கதிரவனுக்கு அது கட்டுப்பட்டதன்று. ஆகவே கடிகாரத்தை நம்பி நோன்பு திறக்காமல், கப்பல் இருக்கும் அகலாங்கு நெடுங்கோடுகளைக் கொண்டு உதயமும் மறைவும் கணித்துக்கொள்வது நல்லது. பொழுதைக் கண்ணாலேயே காண விரும்புவோர், விலை சற்றுக் கூடினாலும், சாளரமில்லாத உள்ளறையைத் தவிர்ப்பது அதைவிட நல்லது. கோடையில் நார்வேயின் வடமுனைக்குச் செல்லும் கப்பல்களில் கண்ணும் உதவாது: 71 பாகை வடக்கே மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை கதிரவன் மறைவதே இல்லை. மறைவுக்குப் பின் தொழ வேண்டிய மஃரிப் தொழுகைக்கு அங்கே பொழுது எது என்பதற்கு, கதிரவன் மறையும் அண்மை ஊரின் நேரத்தைக் கொள்ளலாம் என்றும் மக்காவின் நேரத்தைக் கொள்ளலாம் என்றும் இஸ்லாமியச் சட்ட அறிஞர் இரு வழி காட்டியுள்ளனர்.

பயணிக்கு இஸ்லாம் அளித்துள்ள சலுகைகளும் இங்கே கருதத்தக்கவை. நான்கு ரக்அத்துகள், அதாவது நான்கு சுற்றுகள், கொண்ட தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம்; ரமலான் நோன்பைப் பின்னொரு நாளுக்குத் தள்ளலாம்; தலை சுற்றினால் அமர்ந்து தொழலாம். இரு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழ இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஷாஃபி நெறி இடமளிக்கிறது, ஹனஃபி நெறி பொதுவாக அளிப்பதில்லை. தமிழ் முஸ்லிம்களில் இரு நெறியினரும் இருப்பதால் ஒரே குடும்பத்தில்கூட வழக்கம் வேறுபடக்கூடும். உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஹலால், கோஷர், சைவம், கிழங்கு தவிர்த்த சமண உணவு எதுவாயினும், இடம் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை, ஏனெனில் துறைமுகத்தை விட்டபின் சமையற்கூடத்தில் உள்ளதைக்கொண்டே சமைக்க இயலும்.

இத்தனை கவலைகளோடு செல்லும் பயணத்தில் இன்பம் எங்கே என்று கேட்கப்படலாம். யூதச் சட்டத் தொகுப்பான தால்முத் இதற்குத் தரும் விடை எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. கடமைக்காக அல்லாமல் விருப்பத்துக்காகக் கப்பலேறுபவர், ஓய்வுநாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் ஏறக் கூடாது என்று அது விதிக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈசாக் அல்ஃபாசி இதற்குக் கூறிய காரணம் தண்டனை பற்றியதன்று, மகிழ்ச்சி பற்றியது: ஓய்வுநாளை இன்பமாகக் கழிப்பதே ஒரு கடமை, கடலுக்குப் பழகாத உடல் முதல் மூன்று நாள் குமட்டலிலும் மயக்கத்திலும் துன்புறும், அத்துன்பத்தில் ஓய்வுநாளின் இன்பம் கெடும். எந்தச் சமயத்தவரும் இந்த அறிவுரையைக் கைக்கொள்ளலாம். முழு நோன்போ பெருவிழாவோ பயணத்தின் தொடக்க நாள்களில் வராதபடி புறப்படும் தேதியைத் தேர்வது அறிவுடைமை. இன்பமும் நெறியும் ஒன்றையொன்று விழுங்குவன என்ற எண்ணம் இவ்விதியில் துளியும் இல்லை.

அதே மரபின் இன்னொரு நூலான மிஷ்னா, நான்கு அறிஞர் ஒரே கப்பலில் சென்றபோது ஓய்வுநாளில் கப்பல் கடலுக்குள் சென்றுவிட்டதைக் கூறுகிறது. அந்நாளில் ஒருவர் தம் இருப்பிடத்திலிருந்து 2,000 முழத்துக்கு மேல் செல்லக் கூடாது. எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டவர் நான்கு முழத்துக்குள் நிற்க வேண்டும். கப்பல் சென்றால் அதில் நிற்பவரும் சென்றவர் ஆவாரா? ரப்பான் கமாலியேலும் ரபி எலெயாசரும் கப்பல் முழுவதையும் ஒரே இருப்பிடமாகக் கருதி அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உலாவினர். ரபி யோசுவாவும் ரபி அகிவாவும் தம்மளவில் கடுமையை ஏற்று நான்கு முழத்தை விட்டு அசையவில்லை. இன்றைய உல்லாசக் கப்பலில் அறைக்கதவு மின்னணு அட்டையால் திறப்பதும், பல அடுக்குகளுக்கு மின்தூக்கியில் செல்வதும் ஓய்வுநாள் காப்போருக்குப் புதிய நான்கு முழங்களாக அமைகின்றன. தாழ்ந்த தளத்தில், படிக்கட்டுக்கு அருகில் அறை கேட்பதும், கதவுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று ஊழியரிடம் முன்னரே பேசுவதும் கமாலியேலைப் போல் உலாவ விரும்புவோர்க்கு வழியாகும்.

மற்றொரு முறை அவர்கள் கப்பல் துறைமுகத்துக்குள் சென்றது இருட்டி, ஓய்வுநாள் தொடங்கியபின். இறங்கலாமா என்று உடன் வந்தோர் கமாலியேலைக் கேட்டனர். தொலைவை அளக்க அவரிடம் ஒரு குழாய் இருந்ததாகத் தால்முத் சொல்கிறது. அதன் வழியே பார்த்தால் 2,000 முழம் எது என்று அவருக்குத் தெரியும். இருள் சூழும் முன்பே கப்பல் கரையின் எல்லைக்குள் வந்துவிட்டதைத் தாம் பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொல்லி, அவர் எல்லோரையும் இறங்க அனுமதித்தார்.