இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

கட உபநிடதத்தில் வாகனம் இரண்டு இடங்களில் வருகிறது. ஓரிடத்தில், தேர்களையும் குதிரைகளையும் நீண்ட ஆயுளையும் நசிகேதனுக்குத் தர யமதர்மன் முன்வருகிறான். அவற்றையெல்லாம் நீரே வைத்துக்கொள்ளும் என்ற கருத்துப்படச் சிறுவன் மறுத்துவிடுகிறான். பின்னர், உடலே தேர், புத்தியே தேரோட்டி, மனமே கடிவாளம், புலன்களே குதிரைகள், ஆன்மாவே தேரில் அமர்ந்திருக்கும் தலைவன் என்று அதே யமதர்மன் அதே சிறுவனுக்கு உபதேசிக்கிறான். தேரை வேண்டாம் என்றவனுக்குத் தேரைக் கொண்டே உண்மை உணர்த்தப்படுகிறது. வாகனம் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. அதைச் செலுத்தும் புத்தி விழித்திருக்கிறதா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி இன்று இல்லறத்தார் பலரின் வாழ்வில் மிகச் சாதாரணமான வடிவில் வந்து நிற்கிறது. அன்றாடம் போய்வர மோட்டார் சைக்கிள் போதுமா, கார் வாங்க வேண்டுமா? 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் குடும்பங்களில் ஏறக்குறையப் பாதியிடம் இருசக்கர வாகனம் உண்டு. கார் வைத்திருப்பவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எனவே இரண்டு சக்கரத்திலிருந்து நான்கு சக்கரத்துக்குச் செல்வது நம் நாட்டில் ஒரு படி ஏறுவதாகவே கருதப்படுகிறது. விலை, மைலேஜ், மாதத் தவணை, உறவினரின் மதிப்பு ஆகியவை வீட்டில் பேசப்படுகின்றன. இந்த முடிவினால் வரும் ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வியோ பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இதை அறக்கேள்வியாக ஆக்குவது அதுவே.

எளிமையின் கணக்கு

புனே நகரின் கோத்ரூட் பகுதியில் வசிக்கும் ஓர் அலுவலரை எண்ணிப் பார்க்கலாம். அலுவலகம் ஒன்பது கிலோமீட்டர் தூரம். மனைவியும் இரு குழந்தைகளும் உள்ளனர். மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்று கொள்வோம். காருக்கான தவணை 12,000 ரூபாய். பெட்ரோல், காப்பீடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து இன்னும் 6,000 ரூபாய். ஆக, மாதத்தில் வேலை நாட்கள் இருபத்தைந்து என்றால், அவற்றில் ஏழரை நாட்கள் அவர் காருக்காகவே உழைக்கிறார்.

இத்தகைய கணக்கை அமெரிக்கச் சிந்தனையாளர் தோரோ 1854-இல் வெளிவந்த 'வால்டன்' நூலில் போட்டுக் காட்டினார். முப்பது மைல் தொலைவிலுள்ள ஊருக்கு ரயில் கட்டணம் 90 சென்ட். அது ஏறக்குறைய ஒருநாள் கூலி. அந்தக் கூலியை ஒருவர் சம்பாதித்து முடிப்பதற்குள், மற்றவர் நடந்தே ஊர்போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அவருடைய வாதம். பயண நேரத்தைக் கணக்கிடுபவர் அந்தப் பயணத்துக்காக உழைத்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் மோட்டார் சைக்கிளைக் காட்டிலும் கார் விரைந்து செல்வதுமில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 100 சி.சி. மோட்டார் சைக்கிளின் எடை சுமார் 110 கிலோ. சிறிய காரின் எடை சுமார் 800 கிலோ. 65 கிலோ எடையுள்ள ஒருவர் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது, நகரும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவரே. காரில் தனியாகச் செல்லும்போது பதின்மூன்றில் ஒரு பங்குதான் அவர். எரியும் பெட்ரோலின் பெரும்பகுதி இரும்பை இழுத்துச் செல்லவே செலவாகிறது. சாலையில் அவர் எடுத்துக்கொள்ளும் இடமோ பன்மடங்கு. தேவைக்கு மேல் கொள்ளாமை ஓர் அறமெனில், தனி ஒருவரின் அன்றாடப் பயணத்தில் அந்த அறம் இருசக்கர வாகனத்தின் பக்கமே நிற்கிறது.

யாருடைய எளிமை?

ஆயினும் விசாரணையை இத்துடன் நிறுத்திவிடலாகாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இவ்வகை வாகனங்களே எண்ணிக்கையில் மிகுதி என்பது உண்மை. ஆனால் விழுந்தால் உடலையும் தார்ச்சாலையையும் பிரிக்க இடையில் ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. அதே ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள்.

இந்தப் பிந்தைய எண் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. வண்டியை ஓட்டும் கணவனின் தலையில் கவசம். பின்னால் அமர்ந்திருக்கும் மனைவியின் தலையில் புடவை முந்தானை. இருவருக்கும் நடுவே உறங்கும் குழந்தையின் தலையில் ஒன்றுமில்லை. இக்காட்சி நாட்டின் எல்லா மாநிலங்களிலும் உண்டு. அபராதம் யாருக்கு விதிக்கப்படும் என்ற அச்சம் அங்கே தெரிகிறது. யாருடைய உயிர் அருமையானது என்ற சிந்தனை தெரியவில்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டுமே அமரலாம் என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது.

நோன்பு நோற்பவர் தம் உணவைத்தான் குறைத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் தட்டிலிருந்து எடுத்துவிட்டு அதைத் தம் நோன்பு என்று கூறலாகாது. அவ்வாறே, தனியாகச் செல்லும்போது மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பவர் எளிமையைத் தேர்ந்தெடுக்கிறார். அதன் ஆபத்தையும் அறிந்தே தாம் ஏற்கிறார். மனைவியையும் இரு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மழையில் நெடுஞ்சாலையில் செல்பவரோ, தம் சிக்கனத்தின் விலையை மறுத்துச் சொல்லும் நிலையில் இல்லாத பிறர் தலையில் சுமத்துகிறார். அதற்கு எளிமை என்று பெயரில்லை.

ஒரே ஸ்கூட்டரில் நனைந்தபடி சென்ற குடும்பத்தைக் கண்டதே குறைந்த விலைக் கார் ஒன்றை உருவாக்கும் எண்ணத்துக்குத் தூண்டுதல் என்று ரத்தன் டாட்டா கூறியதுண்டு. அவ்வாறு பிறந்த நானோ கார் 2008 ஜனவரியில் அறிமுகமாகி, 2009-இல் விற்பனைக்கு வந்தது. 2018-இல் அதன் உற்பத்தி முடிவுக்கு வந்தது. மிக மலிவான கார் என்ற பெயரே அதற்குத் தடையாயிற்று என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். குடும்பத்தின் காப்புக்காக எண்ணப்பட்ட பொருளைக் கௌரவம் என்ற தராசு நிறுத்துப் பார்த்தது. 2014-இல் நடந்த சர்வதேச மோதல் சோதனையிலும் அக்காருக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. நான்கு சக்கரமும் கூரையும் இருந்தாலே காப்பு வந்துவிடாது. காப்பைத் தேடுவதாகச் சொல்லும் மனம் உண்மையில் அதைத்தான் தேடுகிறதா என்பதும் ஐயமே.

காப்பின் விலை

அப்படியானால் காரே அறமா? அதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் காருக்குள் இருப்பதில்லை. அதே 2022-இல் 32,825 பாதசாரிகள் சாலையில் உயிரிழந்தனர். மோதும் பொருளின் எடை ஏழு மடங்கானால், அதே வேகத்தில் அதன் ஆற்றலும் ஏழு மடங்கு. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்பே வெளியே இருப்பவருக்கு அச்சுறுத்தலாகிறது. நடைபாதையில் ஒரு கார் நிறுத்தப்படும்போது, முதியவர் ஒருவர் வாகனங்கள் ஓடும் பாதையில் இறங்கி நடக்க நேர்கிறது.

ஐயம் எழும்போது, தான் கண்டவர்களுள் மிக ஏழையானவரின் முகத்தை நினைத்து, எடுக்கப்போகும் முடிவு அவருக்குப் பயன்படுமா என்று கேட்கும்படி காந்தியடிகள் தம் இறுதிக் காலத்தில் எழுதிவைத்தார். சாலையில் அந்த முகம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. அது நடந்து போகிறது. அல்லது சைக்கிளில் போகிறது. கார் வாங்குபவர் தம் குடும்பத்துக்குக் காப்புத் தேடுவதில் குற்றமில்லை. ஆனால் தம்மிடமிருந்து விலக்கிய ஆபத்து வேறொருவர் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளும் கடமை அன்றே அவரை வந்தடைகிறது. வேகத்தைக் குறைத்தல், கடப்பவருக்கு வழிவிடுதல், நடைபாதையை விட்டுவைத்தல் ஆகியவற்றை மரியாதைச் செயல்கள் என்று மட்டும் எண்ணலாகாது. அவை பட்ட கடனைத் திருப்பிச் செலுத்துவதாகும்.

சிரேயஸும் பிரேயஸும்

நன்மையானது வேறு, இனிமையானது வேறு. இரண்டும் மனிதனை அணுகுகின்றன, விவேகி பிரித்தறிகிறான் என்று கட உபநிடதம் போதிக்கிறது. இனிமையானது எப்போதும் கார்தான் என்பதில்லை. காற்றைக் கிழித்துச் செல்லும் இளைஞனுக்கு மோட்டார் சைக்கிளே பிரேயஸ். தம் எளிமையைப் பிறர் காண வேண்டும் என்று விரும்புபவருக்குப் பழைய ஸ்கூட்டரும் பிரேயஸாகலாம். நன்மையானது எந்த வாகனத்திலும் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை.

ஆகவே, எதை வாங்குவது என்பதைவிட, இன்றைய பயணத்துக்கு எது தகும் என்று கேட்பதே விவேகம். முன்னே எண்ணிய அந்த அலுவலர் தனியாக அலுவலகம் செல்ல, தலைக்கவசத்துடன் மோட்டார் சைக்கிள் போதும். 2022 மார்ச் முதல் கோத்ரூட்டின் வனாஸ் பகுதியிலிருந்து மெட்ரோ ரயில் ஓடுகிறது, பேருந்தும் உண்டு. குடும்பத்துடன் செல்லும் சில நாட்களுக்கு வாடகைக் கார் அமர்த்தினால், மாதத்தில் ஏழரை நாள் உழைப்பில் பெரும்பகுதி மிஞ்சும். நடக்க இயலாத தாயோ நோயுற்ற பிள்ளையோ வீட்டில் இருந்தால், கார் ஆடம்பரமன்று. அங்கே அதை மறுப்பதே பிடிவாதம். வாங்கிய பின்னும், காய்கறிக் கடைக்குச் செல்ல அதை எடுக்க வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் புதிதாகவே நிற்கும்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் ஒருவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்: இந்தப் பயணத்தில் என்னை நம்பி அமர்ந்திருப்பவருக்குக் காப்பு இருக்கிறதா? என் வழியில் நடந்து வருபவருக்குக் காப்பு இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிகிற வாகனமும் அந்த வேகமுமே அன்றைக்கு அவருக்கு உரியவை.