ஆறு முகமும் ஒரே பக்கம் பார்க்கல

ஓம் சரவணபவ. 

2025 மே மாசம் எங்க தாத்தா, அப்பத்தாவோட 50ஆவது கல்யாண நாள். "மண்டபம், விருந்து எதுவும் வேண்டாம்யா. கொடைக்கானல் ஏரிக்குப் போயிட்டு வருவோம். ஆனா எல்லாரும் வரணும்"னு தாத்தா சொல்லிட்டார். வேன் பிடிக்கிறது, ரூம் போடுறது, இ-பாஸ் எடுக்கிறது எல்லாம் "கம்ப்யூட்டர் படிச்ச பையன்"னு என் தலையில விழுந்துச்சு. அதெல்லாம் ஈஸி. அந்த "எல்லாரும்"தான் கஷ்டம்.

எங்க அப்பாவும் பெரியப்பாவும் முகம் கொடுத்துப் பேசி ஏழு வருஷம் ஆகப்போகுது. ஊர் வீட்டைப் பாகம் பிரிக்கிறதுல வந்த மனஸ்தாபம். அது அப்படியே அடுத்த தலைமுறைக்கும் இறங்கிடுச்சு. பெரியப்பா மகன்தான் எனக்கு பைக் ஓட்டக் கத்துக்கொடுத்த அண்ணன். அவன் நம்பரை பிளாக் பண்ணது நான்தான். அவன் என்ன தப்பு பண்ணான்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல. இ-பாஸ்ல எத்தனை பேருன்னு கேட்ட இடத்துல 19னு போடும்போது கை கொஞ்சம் தயங்குச்சு.

பத்தொன்பது பேரும் வந்தாங்க. அப்பா டிரைவருக்குப் பின் சீட். பெரியப்பா கடைசி சீட். வத்தலக்குண்டுல இருந்து மலை ஏறி முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தாங்க.

முதல்ல குறிஞ்சி ஆண்டவர் தரிசனம். 1936ல அந்தக் கோயிலைக் கட்டினவங்க லீலாவதி ராமநாதன். வெளிநாட்டுல பிறந்து, இந்து சமயத்தைத் தழுவி, இலங்கைத் தமிழரான சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவங்க. எங்கேயோ பிறந்தவங்களுக்கும் முருகன் சொந்தமாயிடறான் பாருங்க!

கோயில்கிட்ட நின்னுக்கிட்டு அத்தை குழந்தைகளுக்குக் குறிஞ்சிப்பூ கதை சொன்னாங்க. 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும், கடைசியா 2018ல பூத்தது, அடுத்து 2030லன்னு. வீட்டுல பேச்சு நின்னதும் அதே 2018தான். தாத்தா மெதுவா சொன்னார்: "பூவு 12 வருஷம் காத்திருக்கும். எனக்கு அவ்வளவு நாள் ஏதுய்யா?" யாரும் வாயைத் திறக்கல.

அங்கே இருந்து பார்த்தா, மேகம் இல்லாத நாள்ல தூரத்துல பழனி மலை தெரியும். அன்னைக்குத் தெரிஞ்சுது. பழனி எதுக்குப் பேர் போனதுன்னு நமக்கெல்லாம் தெரியும். ஒரு பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு, வீட்டை விட்டு வந்து நம்ம அப்பன் நின்ன இடம் அது. "அண்ணனுக்குக் கொடுத்தீங்க, எனக்கு இல்லையா?" இதுதானே பழனிக் கதை? எங்க வீட்டுக் கதையும் இதுதானேன்னு அப்பதான் சுருக்குன்னுச்சு.

சாயங்காலம் ஏரிக்கு வந்தோம். மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்சு 1863ல உருவாக்கின ஏரி. நட்சத்திர வடிவம். கரையைச் சுத்தி நடந்தா ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அந்தத் தண்ணியைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு பொய்கை ஞாபகம் வந்துச்சு.

காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடின கந்தபுராணத்தை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. ஈசனின் நெற்றிக்கண்ணில் இருந்து தோன்றிய ஆறு பொறிகள் சரவணப் பொய்கையைச் சேர்ந்து ஆறு குழந்தைகளாயின. கார்த்திகைப் பெண்கள் அறுவர் அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்தார்கள். பிறகு அம்மையும் அப்பனும் அந்தப் பொய்கைக்கே வந்தார்கள். அம்மை ஆறு குழந்தைகளையும் ஒருசேர வாரி அணைத்தாள். ஆறும் ஒன்றாகிக் கந்தன் ஆனான்.

யோசிச்சா, ஒரு குடும்பம் நீர்க்கரையில ஒண்ணு கூடின கதைதான் நம்ம முருகன் கதையோட ஆரம்பமே. வளர்த்தவங்களையும் அங்கே யாரும் மறக்கல. அவங்க பேரால அவனுக்குக் கார்த்திகேயன்னு பேர். அவங்களுக்கு வானத்துல நட்சத்திரமா இடம்.

இதுல நான் இத்தனை நாள் கவனிக்காம விட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. அம்மை அணைச்சப்போ உடம்புதான் ஒண்ணாச்சு. முகம் ஆறும் ஆறாவே இருந்துச்சு! "ஒண்ணா இருக்கணும்னா எல்லாரும் ஒரே முகமா மாறுங்க"ன்னு அவ சொல்லல. திருமுருகாற்றுப்படையில நக்கீரர், ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு வேலை சொல்றார். ஒரு முகம் உலகத்துக்கு ஒளி தருது. ஒரு முகம் வரம் கொடுக்குது. ஒண்ணு போர்க்களத்தைப் பார்க்குது. ஒண்ணு வள்ளியைப் பார்த்துச் சிரிக்குது. ஆறும் ஒரே பக்கம் பார்க்கல. ஆனா உயிர் ஒண்ணு.

ஆபீஸ்ல ஒரே ஃபைல்ல ஒரே இடத்தை ரெண்டு பேர் வேற வேற மாதிரி மாத்தினா மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும். அவசரத்துல நாம என்ன செய்வோம்? ஒருத்தர் எழுதினதை வச்சுக்கிட்டு இன்னொருத்தர் எழுதினதைத் தூக்கிடுவோம். குடும்பத்துலயும் அதையேதான் செய்றோம். "யார் சொன்னது சரி"ன்னு முடிவு பண்ணாம சேர மாட்டோம்னு நிக்கிறோம். அம்மை அந்தக் கேள்வியே கேட்கல. ஆறு பேர்ல யார் முதல்னு கேட்கல. கையை விரிச்சா, அவ்வளவுதான்.

படகுத்துறைல அப்பத்தாவைத் துடுப்புப் படகுல ஏத்தணும். படகு ஆடுது, அவங்களுக்கு முழங்கால் வலி. அப்பத்தா யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடல. ரெண்டு கையையும் ரெண்டு பக்கமா நீட்டினாங்க. ஒரு கையை அப்பா பிடிச்சார். இன்னொரு கையைப் பெரியப்பா பிடிச்சார். "பார்த்தும்மா"ன்னு ரெண்டு குரலும் ஒண்ணா வந்துச்சு. அப்படியே மூணு பேரும் ஒரே படகுல உட்கார்ந்தாங்க. பெரியப்பா ஒரு பக்கம் பார்த்தார், அப்பா இன்னொரு பக்கம் பார்த்தார். அப்பத்தா மட்டும் ரெண்டு கையையும் கடைசி வரைக்கும் விடவே இல்ல.

கரைக்கு வந்ததும் டீ குடிச்சோம். பெரியப்பா டம்ளரைப் பார்த்துக்கிட்டே, "சுகர் மாத்திரை போட்டியாடா?"ன்னார். அப்பா, "போட்டேண்ணே"ன்னார். ஏழு வருஷத்துக்கு அப்புறம் வந்த பேச்சு அவ்வளவுதான். வீட்டுப் பாகம் இன்னும் முடியல, அதை மறைக்க விரும்பல. ஆனா முகம் வேற, உடம்பு வேறன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. தாத்தா துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "பனி அதிகமா இருக்கு"ன்னார். மே மாசத்துல!

ராத்திரி ரூமுக்குப் போனதும் அண்ணன் நம்பரை அன்பிளாக் பண்ணினேன். பக்கத்து ரூம்லதான் இருந்தான். இருந்தும் மெசேஜ்தான் போட முடிஞ்சுது: "ஸாரிண்ணே." ரெண்டு நிமிஷத்துல கதவைத் தட்டினான்.

பொய்கையில ஒண்ணான அதே முருகன்தான் பின்னாடி பழனிக்குக் கோவிச்சுக்கிட்டு வந்தான். அதனால கோபம் வர்றதே பாவம்னு நினைச்சுக்காதீங்க. ஒரு தடவை சேர்ந்தா போதும், இனிமே பிரிவே வராதுன்னும் நினைச்சுக்காதீங்க. ஆனா ரெண்டு இடத்துலயும் ஒண்ணு கவனிங்க. பொய்கைக்கும் அம்மையப்பன்தான் தேடி வந்தாங்க, பழனிக்கும் அவங்கதான் தேடி வந்தாங்க. யாரு பெரியவங்களோ அவங்க முதல்ல வருவாங்க. வயசை மட்டும் சொல்லல. முதல்ல யாரு வர்றாங்களோ, அவங்கதான் பெரியவங்க.

அடுத்த கிருத்திகைக்கு விரதம் இருக்கிறவங்க, கோயிலுக்குப் போறவங்க, தாராளமா செய்யுங்க. கூடவே ஒண்ணு. உங்க வீட்டுல பேசாம இருக்கிற ஒருத்தருக்கு ஒரு போன் பண்ணுங்க. நியாயம் பேச வேண்டாம். "சாப்பிட்டீங்களா?"ன்னு மட்டும் கேளுங்க. மீதியை அவன் பார்த்துப்பான்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏🦚