செப்பும் பற்றும்

வெற்றுத் தகர டப்பாவைச் சேர்ப்பதும் பரிக்கிரகம் ஆகுமோ? பொன்னுக்கும் நிலத்துக்கும் வரையறை செய்துகொண்ட ஓர் இல்லறத்தான், பழைய தேயிலை டப்பாக்களை வாங்கி அலமாரியில் அடுக்கினால் அவன் விரதத்துக்கு ஊனம் உண்டோ? அவ்வில்லறத்தான் நானே ஆதலின் இவ்வினாவை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

தேயிலை ஈரத்தையும் அண்டையிலுள்ள வாசனையையும் விரைவில் ஈர்க்கும் இயல்புடையது. தோல் பதனிடும் ஆலைகளின் காற்று வீசும் ஆம்பூரில் பொட்டலத்தைத் திறந்துவைத்தால் அதன் மணம் கெட்டுவிடும். ஆகவே என் பாட்டியார் இறுக மூடும் டப்பாவிலேயே அதனை வைப்பார். தேயிலை தீர்ந்தபின் அதில் மிளகு குடியேறும். மலைச்சரிவும் கொழுந்து பறிக்கும் பெண்களும் வரைந்த அந்த லிப்டன், புரூக்பாண்டு டப்பாக்கள் என் கண்ணைக் கவர்ந்தன. நாளடைவில் நூற்றுக்கு மேல் சேர்ந்தன.

படத்தில் காணாத வரலாறும் அவற்றுக்கு உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்கவே, மலையெங்கும் தேயிலை பரவிற்று. உழைத்தவர் நம் தமிழ் மக்கள். 1964 அக்டோபரில் ஏற்பட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது.

அவ்வாறு திரும்பிய குடும்பமொன்றின் மூதாட்டியார் வேலூருக்கு அருகில் வாழ்ந்தார். அவரிடம் ஓர் அரிய டப்பா இருப்பதாகக் கேள்வியுற்றுச் சென்றேன். கணவரின் புகைப்படமும் கப்பலேறிய காலத்துக் காகிதங்களும் அதனுள் இருந்தன. "இது அவர் கையால கொண்டாந்ததுங்க ஐயா" என்று தயங்கினார். நான் மும்முறை விலையை உயர்த்தினேன். பேரனின் பள்ளிக் கட்டணத்தை நினைத்தாரோ என்னவோ, காகிதங்களைப் பாலிதீன் பையில் இட்டு முடிந்துகொண்டு டப்பாவைத் தந்தார்.

அந்த முடிச்சு என்னை உறங்கவிடவில்லை. மறுவாரம் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, "பணம் செலவாயிடுச்சுங்களே ஐயா" என்று அவர் அஞ்சினார். "பணம் வேண்டாம் அம்மா" என்று கூறியும் அவ்வச்சம் உடனே நீங்கவில்லை. என் ஆசை ஓர் ஏழையை இருமுறை வருத்திற்று.

தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தைப் பொருளின் அளவால் அன்றி, அதன்பால் எழும் மயக்கத்தால் உணர்த்துகிறது. புறப்பற்று பத்து, அகப்பற்று பதினான்கு என்பர் ஆன்றோர். பாண்டமும் புறப்பற்றில் ஒன்றே. தோல் வணிகம் செழித்த ஊரிலும் தோலைத் தொடாது வாழ்கிறோம் எனப் பெருமிதம் கொண்டிருந்தேன். அப்பெருமிதமாகிய மானமும் டப்பாவின்மேல் எழுந்த உலோபமும் அகப்பற்றின் பாற்பட்டவை என்பதை மறந்தேன். பொன்னுக்கு வேலியிட்ட நான் தகரத்துக்கு வேலியிடவில்லை. விலையற்றது என்று எண்ணிய வழியாகவே ஆசை புகுந்தது.

பழம்பொருளைப் பேணுதல் தவறோ எனச் சிலர் வினவலாம். தவறன்று. பிறர் மனம் நோவாது வந்ததை, முன்னரே வகுத்த அளவுக்குள் வைத்துக்கொள்வது பொருள் வரைதலுக்கு மாறாகாது. அளவைத் தாண்டிய விருப்பமே தீது.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தைத் தழுவி எழுந்த நம் தமிழ் நூலுக்கு அருங்கலச்செப்பு என்பது பெயர். செப்பு என்பது சிமிழ். சாவகர் ஒழுக்கத்தையே அருங்கலமாகக் கொண்டு, அதனை உள்ளடக்கிய நூலைச் செப்பு என்றனர் நம் முன்னோர். நானோ உள்ளீடு இல்லாத செப்புகளுக்காக அலைந்தேன்.

இப்போது என்னிடம் பன்னிரண்டு டப்பாக்களே உள்ளன; சாவகர் விரதங்களின் தொகையும் அதுவே. ஏனையவற்றை உறவினர் இல்லங்களுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அவற்றில் பருப்பும் தேயிலையும் இருக்கின்றன. மூடி இறுகியிருந்தால் உள்ளிருக்கும் தேயிலையில் புறநாற்றம் ஏறாது. வினையின் ஊற்றை அடைக்கும் செறிப்பும் அத்தகையதே. நம் இல்லங்களில் வேலியிடாத சிறு பொருள் எது என அன்பர்கள் ஒருமுறை நோக்குவார்களாக.