சும்மா போய்வர ஒரு வண்டி

ஒரு பெண் வண்டி வாங்க வேண்டும் என்று சொன்னால் வீட்டில் எழும் முதல் கேள்வி "எவ்வளவு?" அல்ல, "எதற்கு?" என்பதுதான். வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, பூக்கூடையை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக என்று பதில் சொன்னால் பேச்சு விலைக்கு நகரும். "சும்மா, செம்மண் பாதையில் ஓட்டிப் பார்க்க" என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தம்பி பைக் கேட்டாலும் வீட்டில் சண்டை வரத்தான் செய்கிறது. ஆனால் "ஆசைப்படுகிறான்" என்ற ஒரு சொல்லில் அது முடிந்துவிடுகிறது. பெண்ணின் ஆசை மட்டும் ஏன் ஒரு காரணமாக ஏற்கப்படுவதில்லை?

இந்தக் கேள்வியைக் கீரமங்கலத்தில் நின்று கேட்கப் பொருத்தம் உண்டு. இது புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒன்றரை ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பெண்களுக்கான சைக்கிள்கள் போதாமல் பலர் ஆண்களின் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பினார்கள், முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால்.

இந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் பயன்களின் பட்டியலாகவே சொல்கிறோம்: தண்ணீர் எடுக்கும் நேரம் மிச்சமானது, விளைபொருளை விற்க முடிந்தது, பேருந்துக்குக் காத்திருப்பது குறைந்தது. எல்லாம் உண்மை. ஆனால் வருமானக் கணக்கைவிட அது தந்த தன்மதிப்பே பெரிது என்று அன்று இயக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதையும் சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பகுதி நம் நினைவிலிருந்து நழுவிவிட்டது. குடும்பத்துக்கு உதவினால் பெண்ணின் நடமாட்டம் நல்லது என்ற வாதம் சைக்கிளை வாசலுக்குள் கொண்டுவந்தது. அதே வாதம் ஒரு எல்லையையும் போட்டுவிட்டது.

2018இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்திலும் அந்த எல்லையைப் பார்க்கலாம். பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியமாகக் கிடைத்தது. பல பெண்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. ஆனால் அது வேலைக்குப் போகும் பெண்களுக்கானதாக இருந்தது. வண்டியும் 125 சிசிக்கு மேற்படாத, கையால் கியர் மாற்றத் தேவையில்லாத வண்டியாக இருக்க வேண்டியிருந்தது. 2021இல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் இதில் வேறுபட்டது: எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று அது கேட்பதில்லை. அம்மா வீட்டுக்குப் போகிறவளுக்கும் சும்மா புதுக்கோட்டை போய்வருகிறவளுக்கும் ஒரே சீட்டுதான். ஆனால் பேருந்து தன் தடத்தில்தான் போகும். தடம் இல்லாத இடத்துக்குப் போக விரும்புகிறவள் என்ன செய்வாள்?

மோட்டார் சைக்கிள் இங்கே வருகிறது. கீரமங்கலத்தைச் சுற்றித் தென்னந்தோப்புகளுக்கும் பலாமரங்களுக்கும் இடையே செம்மண் பாதைகள் ஓடுகின்றன. மழைக்குப் பின் சேறு, கோடையில் புழுதி. பந்தய வண்டி இதற்கு உதவாது. பதிவெண் இல்லாத வண்டியில் பாதை தொடங்கும் இடம் வரைகூடச் சட்டப்படி போக முடியாது. தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான வண்டி வேண்டும். நம் நாட்டில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி போன்றவை அந்த வகை. முன்சக்கரம் 21 அங்குலம் என்பதால் குழியிலும் கல்லிலும் எளிதாக ஏறி இறங்கும். தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி 220 மி.மீ. உயரத்தில் இருக்கும்.

ஆனால் அதன் இருக்கை உயரம் 825 மி.மீ., எடை ஏறத்தாழ 160 கிலோ. கவாசகி கேஎல்எக்ஸ் 230இன் இருக்கை 880 மி.மீ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450இன் எடை 200 கிலோவை நெருங்குகிறது. இந்தியப் பெண்ணின் சராசரி உயரமோ ஏறத்தாழ 152 செ.மீ. இந்த வண்டிகளில் உட்கார்ந்தால் அவளுடைய இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியாது. வண்டியை வரைந்தவர் மனத்தில் இருந்த உடல் அவளுடையது அல்ல. மோட்டார் வாகன விதிகளைப் பாருங்கள்: பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பாதிச் சக்கரத்தை மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது 123ஆவது விதி. அவசியமான பாதுகாப்புதான். கடையில் அதற்குப் பெயர் 'சாரி கார்டு'. சேலை கட்டியவள் பின்னால்தான் உட்காருவாள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெண் தன் உடலை ஒரு செயலில் முழுதாக இறக்காமல் பாதியிலேயே நிறுத்திக்கொள்ளப் பழக்கப்படுத்தப்படுகிறாள் என்று காட்டினார். அது தசையின் குறை அல்ல, வளர்ப்பின் விளைவு. எனவே முதல் வண்டி நம்மைப் பயமுறுத்தாததாக இருக்கட்டும். எடை குறைந்தது, பழையதானாலும் சரி, கீழே போட்டால் மனம் பதறாதது. மண்பாதையில் எல்லாரும்தான் விழுகிறார்கள். வாங்கும் முன் வண்டியைத் தரையில் சாய்த்து, நாமே தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். முதுகை வளைக்காமல் காலின் பலத்தால் தூக்கும் முறை உண்டு, அதைக் கற்கலாம். ஒரு பாதத்தை மட்டும் ஊன்றி, இடுப்பைச் சற்று நகர்த்தி நிற்கவும் பழகலாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே கியர் வண்டிக்கும் சேர்த்து எடுத்துவிடுவது நல்லது.

இனி எதிர்வாதம். விடியும் முன் பூப்பறிக்கப் போகும் பெண்கள் இருக்கும் ஊரில், லட்சத்துக்கு மேல் கொடுத்து விளையாட்டு வண்டி வாங்குவது எந்த விடுதலை? நியாயமான கேள்வி. அதற்கு, பூப்பறிக்கும் பெண்ணுக்கும் ஓய்வு வேண்டும், சும்மா இருக்கும் உரிமை வேண்டும் என்பதுதான் பதிலாக இருக்க முடியும். ஒருத்தியின் ஆசையை அடக்குவதால் இன்னொருத்தியின் கூலி உயர்வதில்லை. மும்பைப் பெண்களை ஆய்வுசெய்த ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட நூலில், காரணமின்றி வெளியே திரிவதையே பெண்ணின் உரிமையாக முன்வைத்தார்கள். நகரத்துக் கடற்கரைக்குப் பொருந்துவது நம் கண்மாய்க்கரைக்கும் பொருந்தும்.

ஆனால் திரிவதற்கும் அறம் உண்டு. மண்பாதை யாருமற்ற நிலம் அல்ல. வரப்பு ஒருவரின் உழைப்பு. ஈரமான கரையில் சக்கரம் பதித்தால் அடுத்த மழையில் நீர் அந்தத் தடத்தில் அரிக்கும். மேய்ச்சலில் ஆடுகள் மிரளும். தமிழ்நாட்டுத் தெருக்கள் சிலவற்றில் தலித் மக்கள் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்த காலத்தையும் மறந்துவிடக் கூடாது. எந்தத் தெருவிலும் தடையின்றி நுழைய முடிகிற பெண், அந்தத் துணிச்சலில் எவ்வளவு தன்னுடையது, எவ்வளவு தன் சாதி தந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் அய்யனார் கோயில் முன்னே பெரிய குதிரை நிற்கிறது. மாசி மகத்தில் அதற்குக் காகிதப்பூ மாலைகள் குவியும். அய்யனார் இரவில் குதிரையேறி எல்லையைச் சுற்றிவருவது காவல் என்பது ஊர்களின் நம்பிக்கை. அதே எல்லையை ஒரு பெண் சுற்றினால் அவளுக்கு 'ஊர்சுற்றி' என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் நாம் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வேலையைக் கண்டுபிடித்துச் சொல்கிறோம்.

அதை ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம். பணத்தைச் சேர்த்து, நம் கால் எட்டும் வண்டியைத் தேர்ந்து, ஆர்.சி.யை நம் பெயரிலேயே எடுக்கலாம். எதற்கு என்று கேட்டால், "எனக்கு ஓட்டப் பிடிக்கும்" என்று சொல்லலாம். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை நமக்கு இல்லை.