வாடகையற்ற வீட்டின் விலை

ஒரு கிராமத்துக்கு எத்தனை வீடுகள் தேவை என்பது கணக்கியலுக்குரிய வினாப் போலத் தோன்றினும், அடிப்படையில் அஃது ஓர் அறவியல் வினாவேயாகும். ஏனெனில், எண்ணத் தொடங்குமுன் எதனை வீடு எனக் கொள்வது என்பது தீர்மானிக்கப்படல் வேண்டும். இலங்கையின் மலையகப் பெருந்தோட்டங்களை முன்வைத்து இதனை நோக்கலாம்.

கோப்பிக் காலத்தில் தோன்றித் தேயிலைக் காலத்தில் பெருகிய லயன்களில், ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பிராவும் சிறு இஸ்தோப்புமே கிடைத்தன. கூரையையும் சுவரையும் மட்டும் எண்ணுபவரின் பதிவேட்டில் இக்குடும்பம் வீடுள்ள குடும்பமாகும். வாடகை அறவிடப்படாமையால், மலிவான வீட்டுக்கு இதனினும் சிறந்த உதாரணம் இல்லையென்றுகூட அவர் வாதிடலாம்.

ஆனால் விலை என்பது பணம் மட்டுந்தானா? தொழிலோடு பிணைக்கப்பட்ட வீட்டில், வேலையை விடுபவர் கூரையையும் இழக்கும் அச்சத்துக்கு உள்ளாகின்றார். காணியுறுதி இல்லாதவர் அவ்வீட்டை ஈடுவைத்துக் கடன்பெறவோ, விரும்பியவாறு விருத்தி செய்யவோ இயலாது. வாடகையாகச் செலுத்தப்படாதது சுதந்திரமாகச் செலுத்தப்படுகின்றது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியமையால், தம் தேவையை அரசிடம் முறையிடும் வழியும் நெடுங்காலம் அடைபட்டிருந்தது.

அவ்வாறாயின் மக்களையே கேட்டுத் தேவையை அறியலாமே என்பர் சிலர். இது மதிக்கத்தக்க கருத்தே, எனினும் முழுமையானதன்று. நெடுங்காலம் இன்மையில் வாழ்பவர் தம் விருப்பத்தையும் அவ்வின்மையின் அளவுக்குச் சுருக்கிக்கொள்வர் என்பதை அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியுள்ளார். ஒழுகும் கூரையின் கீழ்ப் பிறந்து வளர்ந்தவர் புதிய தகரத்தை மட்டுமே கேட்கக்கூடும். அவர் கேட்டது அதுவே எனக் கூறித் தகரத்தோடு நின்றுவிடுதல் நீதியாகாது. அதேவேளை, அவரைக் கேளாது அதிகாரிகளே யாவற்றையும் தீர்மானித்தலும் அவரது மதிப்பைக் குறைப்பதாகும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, கொஸ்லந்தைப் பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அவர்கள் ஏன் வெளியேறவில்லை என வினவுதல் எளிது. செல்வதற்கு வேறு காணியோ வீடோ இல்லாதவருக்கு, எச்சரிக்கை ஒரு செய்தியேயன்றி வழியன்று.

ஆதலின், தேவையை அளக்கும் கோல் வேறாதல் வேண்டும். ஒருவரிடம் கூரை உண்டா என்பதும் அவர் எதைக் கேட்கின்றார் என்பதும் மட்டும் போதா. வேண்டாமென மறுக்கவும், அஞ்சாது வெளியேறவும், அஞ்சாது தங்கவும் அவரால் இயலுமா என்பதே முதன்மையான வினா. அண்மை ஆண்டுகளில் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் அமைக்கப்பட்டு வருதல் வரவேற்கத்தக்கதே. அங்கும், வீட்டுத் திறப்போடு காணியுறுதியும் கையளிக்கப்படுகின்றதா என்பதைக் கொண்டே அதன் பயன் மதிப்பிடப்படும்.

நிலைத்த உரிமை பெற்ற பின்னரே மனிதர் தம் தேவையை முழுக் குரலில் உரைப்பர். அதற்கு முன் பெறப்படும் விடை, தேவையின் அளவன்று, அச்சத்தின் அளவேயாகும்.