சைரன் யாருக்கு?

ஓசூர் என்றதும் ரோஜாத் தோட்டங்களும் சிப்காட் ஆலைகளும் நினைவுக்கு வரும். கோல்ஃப் மைதானமும் இந்தப் பக்கம் உண்டு. நான் வேலை பார்த்த நிறுவனம் ஒரு மே மாதச் சனிக்கிழமை எங்களை அங்கே அழைத்துப் போனது.

மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தது. சைரன் நீளமாக ஒருமுறை ஒலித்தது. பந்தை அடிக்க ஓங்கியவர்கூட மட்டையை இறக்கினார். ஐந்தாறு நிமிடங்களில் எல்லோரும் கட்டடத்துக்குள் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

கண்ணாடிக்கு வெளியே, களை பிடுங்கிக்கொண்டிருந்த ஆறு பெண்கள் எழுந்திருக்கவில்லை. மழை வலுத்த பிறகு ஒற்றை மரத்தடியில் ஒண்டினார்கள். இடி இடிக்கும்போது போகவே கூடாத இடம் அது. மழை விட்டதும் ஓர் அக்காவிடம், "சைரன் கேக்கலையாக்கா?" என்றேன். "கேட்டுச்சு மேடம். அது ஆடுறவங்களுக்குத்தானே? மேஸ்திரி சொல்லாம எந்திரிச்சா அரை நாள் கூலி போயிடும்" என்றார்.

கோல்ஃப் விதிகளில் 5.7 என்று ஒரு விதி. உடனடி ஆபத்து என்று நிர்வாகம் ஆட்டத்தை நிறுத்தினால் யாரும் இன்னொரு அடி அடிக்கக் கூடாது. அது மட்டுமல்ல, மின்னலால் ஆபத்து என்று நியாயமாக நம்பும் ஆட்டக்காரர், யார் அனுமதிக்கும் காத்திராமல் தானே ஆட்டத்தை நிறுத்தலாம். விளையாட்டு ஒருவரின் அச்சத்தை அறிவாக மதிக்கிறது. வயலில் அதே அச்சத்துக்குப் பெயர் சாக்கு. பெண் சொன்னால், பயந்தாங்கொள்ளித்தனம்.

மின்னலுக்குப் பணக்காரர், ஏழை தெரியாது என்பார்கள். உண்மைதான். 1975இல் சிகாகோ அருகே நடந்த போட்டியில் புகழ்பெற்ற வீரர் லீ டிரெவினோவையே அது தாக்கியது. ஆனால் மின்னும் நேரத்தில் வெட்டவெளியில் யார் நிற்க வேண்டும் என்பதை மின்னல் தீர்மானிப்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் மின்னலுக்கு 2,887 பேர் பலியானார்கள். 2025 அக்டோபரில் கடலூர் மாவட்டம் கழுதூரில் மக்காச்சோளக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். அங்கே சைரன் ஏது?

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981இலேயே சொன்னது. கோல்ஃப் விதி சொல்வதும் ஏறக்குறைய இதேதான். ஆனால் தினக்கூலிப் பெண்ணை யாரும் தனியாகத் தண்டிக்க வேண்டியதில்லை. கூலி நின்றாலே போதும், அவரே மழையில் உட்கார்ந்துகொள்வார். அதைப் பிறகு அவருடைய அறியாமை என்றோ, துணிச்சல் என்றோ நாம் எழுதிவிடலாம். நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்றால்தான் நிறுத்தும் உரிமை உரிமையாகும்.

என்னையும் இதில் சேர்த்தே சொல்ல வேண்டும். கதவு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. திறந்து, "உள்ளே வாங்கக்கா" என்று கூப்பிட்டிருக்கலாம். சேற்றுக் காலோடு அவர்கள் வந்தால் யார் என்ன சொல்வார்களோ என்று தயங்கினேன். என் தயக்கத்துக்கு விலை ஒரு கோப்பைக் காபி ஆறியதுதான். அவர்களுக்கு அது என்னவாகவும் ஆகியிருக்கலாம்.